இயல்பான நோயாளி யார்?

பார்வை நரம்பு அழற்சி, அதாவது விழித்திரையின் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பு அழற்சியுற்றுப் பார்வை மங்கும் நோய், இளம் பெண்களையே மிகுதியாகத் தாக்கி, ஒரு கண்ணில் வலியோடு தோன்றிச் சில வாரங்களில் தேறத் தொடங்கும் என்னும் பாடநூல் சித்திரம், பெரும்பாலும் வெள்ளையரான 457 பேரை ஆராய்ந்து 1992இல் வெளியான அமெரிக்க ஆய்வால் வலுப்பெற்றது. குழந்தைகளிடமோ இரு கண்களும் ஒருங்கே பாதிக்கப்படுவது கூடுதல். கிழக்காசியரிடமும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும், உயிரணுக்களில் நீரைக் கடத்தும் அக்வாபோரின்-4 என்னும் புரதத்தை உடலின் எதிர்ப்பொருளே தாக்குவதால் விளையும் கொடிய வகை ஒப்பளவில் அதிகம். அவ்வாறெனில் பாடநூல் சித்திரத்துக்குப் பொருந்துவோரை இயல்பு என்றும் மற்றவரை விலகல் என்றும் அழைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது? மருத்துவரும் மெய்யியலாளருமான ஜார்ஜ் காங்கிலெம், இயல்பு என்பது வெறும் சராசரி அன்று என 1943இல் வாதிட்டார். யாரை எண்ணினார்கள் என்பதே சராசரியை வகுத்துவிடும் இந்நோயில் அவ்வாதம் இன்னும் கடுமையாகப் பொருந்துகிறது, ஏனெனில் விலகல் எனப்பட்டவருக்குச் சிகிச்சை தாமதமானால் இழந்த பார்வை மீளாமலே போகக்கூடும்.