விண்ணேறும் கலத்துக்கும் விதைநெல்

ஊருக்கே உழவன் பெயரைச் சூட்டி உழவர்கரை என்றழைக்கிறோம். வயல் சுருங்கி வீதி பெருகிவிட்டது; ஆயினும் உழவனின் அறம் பழசாகிவிடவில்லை. வயிறு காய்ந்தாலும் விதைநெல்லில் அவன் கை வைப்பதில்லை. விண்வெளி அறிஞரும் இன்று அந்த அறத்தையே கைக்கொள்கின்றனர்.

ஏவிய இராக்கெட்டின் அடுக்கு கடலில் வீழ்வதே அதன் விதி என்றனர் நெடுங்காலம். விதியா அது? வழி காணாமைக்கு இட்ட மறுபெயர்! 2015 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபால்கன் 9 இராக்கெட்டின் முதல் அடுக்கு திரும்பிவந்து தரையில் நிமிர்ந்து நின்றது. 2017இல், முன்னர் மீண்ட அடுக்கொன்று மறுபடியும் பறந்தது. எங்ஙனம்? எரிபொருள் முழுவதையும் ஏறுவதற்கே செலவிடாமல், இறங்குவதற்கென ஒரு பங்கை மிச்சம் வைத்தனர். சுமக்கும் எடை குறைந்தது, கலமோ பிழைத்தது.

நம் இஸ்ரோவின் புஷ்பக் சிறகுள்ள கலம். வழி வேறு, நோக்கம் ஒன்றே. 2024 மார்ச்சில் கருநாடகத்துச் சித்திரதுர்கா மாவட்ட ஓடுதளத்தில் தானே இறங்கிய அதே உடல், ஜூனில் ஹெலிகாப்டரிலிருந்து 4.5 கிலோமீட்டர் உயரத்தில் விடப்பட்டு, மீண்டும் பழுதின்றி இறங்கியது.

“இன்றைய ஆதாயத்தைக் குறைத்துக்கொள்வது அறிவுடைமையா?” என்பர் சிலர். நாம் கேட்கிறோம்: நாளையை எரித்து இன்று குளிர்காய்வதுதான் அறிவுடைமையா? கடல்நீர் நிலத்தடியில் புகும் புதுவைக் கரையில் வாழும் நாம், ஆழ்குழாய்க் கிணறுகளில் நீர் இறைக்கும்போது நாளைக்கென ஒரு பங்கை விட்டுவைக்கிறோமா? ஏறுவதற்கு வலிமை போதும். மீள்வதற்கு மிச்சம் வேண்டும். விண்கலம் கற்றுக்கொண்டது. மண்ணில் வாழும் நாம் எப்போது கற்பது?