கூண்டெலியின் குடற்புழுவும் கொல்லாமையும்

ஆய்வகச் சுண்டெலிகளின் குடலில் வாழும் கீரிப்பூச்சிகளை மருந்து கொடுத்து அழிப்பது விலங்கு மருத்துவத்தில் வழக்கமான வேலை. அறநூல்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் அதுவே கடினமான கேள்வியாகிறது. மருந்தால் ஏராளமான புழுக்கள் சாகின்றன, எலிகள் பிழைக்கின்றன. பிழைத்த எலிகளில் பெரும்பாலானவை சில வாரங்களிலோ மாதங்களிலோ ஆய்வின் முடிவில் கொல்லப்படுகின்றன. அப்படியானால் அந்த மருந்து யாருடைய நன்மைக்கு? இதைக் கருணை என்று சொல்ல முடியுமா?

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் படூர், கேளம்பாக்கம் வட்டாரம் வயலும் ஏரியுமாக இருந்து கல்லூரிகளின் வட்டாரமாக மாறியிருக்கிறது. மருத்துவமும் மருந்தியலும் உயிர்த்தொழில்நுட்பமும் வளரும் இடங்களில் ஆய்வெலியைப் பற்றிய கேள்வியும் கூடவே வரும். அதைக் கேட்பதற்கான மரபு இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. படூருக்கு வடக்கே திருவான்மியூரில் கலாக்ஷேத்திராவை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாகவே 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

சுண்டெலிகளில் இரண்டு வகைக் கீரிப்பூச்சிகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. சிஃபேசியா ஆப்வெலேட்டா என்பது பெருங்குடலின் தொடக்கப் பையில் வாழ்கிறது. அதன் பெண் புழு ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். முட்டைகள் சில மணி நேரத்திலேயே தொற்றும் நிலையை அடைந்துவிடும். எலி தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போதே மீண்டும் தொற்றிக்கொள்ளும். ஆஸ்பிகுலூரிஸ் டெட்ராப்டெராவின் முட்டைகள் எச்சத்தோடு வெளியேறி, ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தே தொற்றும் தன்மை பெறுகின்றன. அதன் வாழ்க்கைச் சுழற்சி மூன்று வாரத்துக்கும் மேல் நீள்கிறது. முதல் வகைக்கு அதில் ஏறக்குறைய பாதிதான். சிஃபேசியாவைக் கண்டறிய ஆசனவாயில் செலோடேப்பை ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். ஆஸ்பிகுலூரிஸுக்கு எச்சத்தைச் செறிந்த உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு முட்டையைத் தேட வேண்டும். இப்போது பிசிஆர் சோதனையும் உதவுகிறது.

பெரும்பாலான எலிகளிடம் நோயின் அறிகுறியே தெரியாது. தொற்று மிகுந்தால் மலக்குடல் வெளித்தள்ளுவது போன்ற தொல்லைகள் வரலாம். ஆனால் வெளியே தெரியாத மாற்றம் உள்ளே நடந்துகொண்டிருக்கும். புழு இருக்கும் உடலில் நோயெதிர்ப்பு அமைப்பு வேறு விதமாக இயங்குவதால், ஒவ்வாமை, தடுப்பூசி, குடல் அழற்சி தொடர்பான சோதனைகளில் கிடைக்கும் எண்கள் நம்பத்தகாதவை ஆகிவிடுகின்றன.

சிகிச்சையில் முதலிடம் ஃபென்பெண்டசோலுக்கு. தீவனத்தில் பத்து லட்சத்துக்கு 150 பங்கு என்ற அளவில் கலந்து, ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்தியோ, தொடர்ச்சியாகப் பல வாரங்களோ கொடுக்கிறார்கள். இந்த மருந்தும் சில ஆய்வுகளின் முடிவைப் பாதிக்கக்கூடியது என்பதால், ஆய்வு நடக்கும் நேரத்தில் அதைத் தொடங்கத் தயக்கம் உண்டு. ஐவர்மெக்டின் இன்னொரு வழி. அதைக் கண்டறிந்ததில் பங்காற்றிய சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்ப்பெல்லும் 2015-இல் நோபல் பரிசு பெற்றனர். மூளைக்குள் மருந்து நுழையாமல் காக்கும் தடுப்பு முதிராத குட்டிகளுக்கும், அந்தத் தடுப்பில் மரபணுக் குறை உள்ள எலி வகைகளுக்கும் அது நஞ்சாக மாறி உயிரையே எடுத்துவிடும். மருந்து எதுவானாலும் அதுமட்டும் போதாது. முட்டைகள் இலேசானவை, பிசுபிசுப்பானவை; தூசியோடு பறந்து கூண்டிலும் தட்டிலும் பணியாளரின் உடையிலும் ஒட்டிக்கொள்ளும். வழக்கமான கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அவை அசைந்து கொடுப்பதில்லை. வெப்பமே நம்பகமான ஆயுதம். அதனால் கூண்டு, தண்ணீர்ப் புட்டி, படுக்கைக்கான மரத்தூள் அல்லது உமி என எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வழி ஒன்றுண்டு. மொத்தக் கூட்டத்தையும் கொன்றுவிட்டு, தூய எலிகளை வாங்கி வந்து புதிதாகத் தொடங்குவது. அரிய மரபுவழி என்றால் கருவை எடுத்துத் தூய தாயெலிக்கு மாற்றி, தொற்றில்லாத தலைமுறையைப் பெறுவார்கள். பழைய எலிகளுக்கு அதிலும் வாழ்வில்லை. மாதக்கணக்கில் மருந்தும் சோதனையுமாக அலைவதைவிட இது செலவு குறைந்தது என்று பல இடங்களில் கணக்குச் சொல்லப்படுகிறது. அறத்தின் கேள்வி கூர்மையடைவது இங்கேதான்.

தமிழ் மரபு உயிர்களை அறிவின் படிகளாக அடுக்கியது. தொல்காப்பிய மரபியலின் ஓரறிவு முதல் ஆறறிவு வரையிலான வரிசையைப் பலரும் அறிவர். சமணம் அதே போன்ற அடுக்கை ஒழுக்க விதியாகவே மாற்றியது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் புழுவுக்குத் தொடுவுணர்வும் சுவையுணர்வும் ஆகிய இரண்டு புலன்களைக் கூறுகிறது. எலி ஐம்புலன் உயிர். புழு கீழே, எலி மேலே, ஆகவே கீழதைக் கொன்று மேலதைக் காக்கலாம் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது எளிது, அது தவறும்கூட. இல்லறத்தாருக்கான அணுவிரதமே இயங்கும் உயிர்களை, அதாவது இரண்டு புலன் முதல் மேலே உள்ள அனைத்தையும், வேண்டுமென்று கொல்வதைத் தடுக்கிறது. தேவைக்காக இல்லறத்தாருக்கு விலக்கு உள்ளது ஓரறிவு உயிர்களிடத்தில்தான். காஞ்சிக்கு அருகே திருப்பருத்திக்குன்றத்தில் வேரூன்றிய தமிழ்ச் சமணத்தின் கண்ணில், கீரிப்பூச்சியும் விரதத்தின் வேலிக்குள் இருக்கும் உயிரே.

சைவமும் புழுவை ஒதுக்கிவிடவில்லை. மாணிக்கவாசகரின் சிவபுராணம் உயிர் எடுத்துவரும் பிறவிகளில் புழுவையும் சேர்த்தே எண்ணுகிறது. வள்ளலார் ஜீவகாருணிய ஒழுக்கத்தில் ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியாற்றுவதைக் கருணை என ஏற்கவில்லை. சட்டமும் இந்த இடத்தில் வியப்பூட்டும் அளவுக்கு விரிந்தது: 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலங்கு என்பது மனிதரல்லாத எந்த உயிரினமும்.

ஆக, புழுவின் சாவு கணக்கில் வராதது அல்ல. அதைச் சமணம் வகுத்த நால்வகை ஹிம்சையில் எங்கே வைப்பது? வேண்டுமென்றே செய்வது, இல்லற வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, காப்பதற்காக எதிர்த்துச் செய்வது என்ற நான்கில், கடைசி வகையே இங்கு பொருந்துவதாகத் தோன்றும். ஆனால் எதிர்ப்பவர் எலியல்ல. காட்டிலோ வயலிலோ இருந்திருந்தால் எலிக்கும் புழுவுக்கும் இடையே மனிதருக்கு வேலையே இல்லை. ஓர் எலியின் எச்சத்தையும் தூசியையும் விட்டு விலக முடியாதபடி பல எலிகளை அடைத்து, தொற்றுக்கு வசதி செய்தது மனிதக் கை. விலகிப்போகும் வழியை அடைத்தவர்கள், விலகிப்போனால் கிடைத்திருக்கும் நலத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். மருந்து கொடுக்கும் கடமையின் வேர் புழுவின் தாழ்விலும் இல்லை, எலியின் உயர்விலும் இல்லை, கூண்டில் இருக்கிறது.

இதற்கு நெருக்கமான வாதம் காந்தியிடம் உண்டு. 1926-இல் அகமதாபாத் ஆலை உரிமையாளர் ஒருவர் வெறிபிடித்த நாய்களும் தெருநாய்களுமாகப் பலவற்றைக் கொல்லச் செய்தபோது, காந்தி அதை நியாயப்படுத்தி எழுதிக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். உரிமையாளர் இல்லாத நாய்களுக்குச் சோறு போட்டுப் பெருக விட்டுவிட்டு, பொறுப்பு மட்டும் ஏற்காத சமூகத்தின் மீதே அவர் குற்றத்தை வைத்தார். கொலை தவிர்க்க முடியாததாகும் நாளுக்கு முன்பே தவறு நடந்துவிடுகிறது என்ற அந்தப் பார்வை ஆய்வகத்தின் விலங்கு இல்லத்துக்கும் பொருந்தும்.

பயன் பற்றிய கேள்வி இன்னும் பாக்கி. சிகிச்சை எலிக்காக அல்ல, எண்களுக்காக என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் எண் கெட்டால் கெடுவது எண் மட்டுமல்ல. அறிவு கிடைக்கும் என்ற வாக்கின் பேரிலேயே எலியின் உயிர் எடுக்கப்படுகிறது. தொற்றுள்ள கூட்டத்தில் அந்த வாக்கு பொய்க்கிறது. சோதனையைத் திரும்பச் செய்ய இன்னும் எலிகள் சாகின்றன. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் முன்வைத்த மாற்றுதல், குறைத்தல், மென்மையாக்குதல் என்ற மூன்று நெறிகளில் நடுவில் உள்ளது இங்கேதான் உயிர்பெறுகிறது. விலங்குச் சோதனையே கூடாது என்பவரும், தேவை என்பவரும், வீண் சாவு கூடாது என்பதில் ஒன்றுபட முடியும்.

கொல்லாமைக்கு மிக நெருக்கமான சிகிச்சை, தொற்றே வராமல் காப்பது. நீரை வடிகட்டிக் குடிப்பதும், உயிர்கள் உண்டாகாதபடி தானியத்தையும் இடத்தையும் சுத்தமாக வைப்பதும் சமண இல்லங்களின் பழைய பழக்கம். கொல்ல நேரும் சூழலையே உண்டாக்காமல் இருப்பது அதன் நோக்கம். விலங்கு இல்லத்தில் அதன் வடிவம் இது: புதிதாக வரும் எலிகளைத் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே சேர்ப்பது, காற்று வடிகட்டும் மூடியுள்ள கூண்டுகள், நோய்க் கண்காணிப்புக்கென வைக்கும் எலிகளைக் குறித்த காலத்தில் பரிசோதிப்பது, வீட்டெலியும் பெருச்சாளியும் நுழையாத கட்டடம். 

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்தை உறுதிசெய்யக் கடமைப்பட்டவர் என்கிறது. 17-ஆம் பிரிவு சோதனைக்கு முன்னும் பின்னும் முறையான பராமரிப்பைக் கோருகிறது. விலங்குச் சோதனை பற்றிய 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி, அதை நடத்தும் ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். அதில் விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறையுள்ள உறுப்பினர் ஒருவரும் உண்டு. புதிய சோதனைக்கான விண்ணப்பம் அந்தக் குழுவின் முன் வரும்போது, எலிக்கூட்டத்தின் அண்மை நோய்க் கண்காணிப்பு அறிக்கையை அந்த உறுப்பினர் கேட்க வேண்டும். அறிக்கை இல்லையென்றால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவதே சரி.