தயங்கிய விரல்கள்

ஒரு பியானோ, ஒரு நாற்காலி, நோட்டு வைக்க ஒரு ஸ்டாண்டு, கதவில் கைக்குட்டை அளவுக்குக் கண்ணாடி. பயிற்சி அறை பெரும்பாலும் இவ்வளவுதான். ஜாஸ் படிக்கிறவரின் கல்லூரி வாழ்க்கையில் பாதி இதற்குள் கழிந்துவிடும். மெட்ரோனோம் இரண்டாவது, நான்காவது தட்டில் மட்டும் ஒலிக்கும்படி வைத்துக்கொள்வார்; மற்ற இரண்டும் மனசுக்குள் ஓட வேண்டும். பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் பாதி வேகத்துக்கு இறக்குவார். முதலில் வாயால் பாடுவார், பிறகு கருவியில் பிடிப்பார், கடைசியில்தான் தாளில் எழுதுவார். எழுதியதைப் பார்த்துப் பாடினால் காது சோம்பேறியாகிவிடும்.

ஜாஸுக்கென்று ஒரு பட்டப்படிப்பு 1947-இல் டெக்சாஸ் மாநிலம் டென்டனில் தொடங்கியது. வைத்த பெயர் 'நடன இசைக்குழு'. ஜாஸ் என்ற சொல்லுக்கு அன்று கல்லூரி வாசலுக்குள் வரும் மரியாதை கிடையாது.

பட்டம் வந்தால் தேர்வும் வரும்தானே. தேர்வுக்கென்றே பிறந்தது போல ஒரு பாட்டு, சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்'. பதினாறே தாள அளவுகள், அதற்குள் ஆதார சுருதி மூன்று இடங்களுக்கு மாறி மாறித் தாவுகிறது. அசுர வேகம். ஒரு சுருதியில் கால் ஊன்றுவதற்குள் தரை நகர்ந்துவிடும். கெட்டிக்கார மாணவர்கள் இன்று இதை மூச்சு வாங்காமல் வாசித்துக் காட்டுகிறார்கள்.

1959 மே மாதம் நியூயார்க்கில் இதைப் பதிவு செய்தபோது பியானோவில் இருந்தவர் டாமி ஃப்ளனகன். தேர்ந்த கலைஞர். ஆனால் கோல்ட்ரேனுக்கு அந்தப் பாதை பல மாதப் பழக்கம். இவருக்கோ கிட்டத்தட்டப் புதுசு. சாக்ஸபோன் வெள்ளமாய்க் கொட்டி ஓய்ந்ததும் இவர் முறை. சில வரிகள் சமாளிக்கிறார். வாக்கியம் அறுகிறது. இடைவெளி. மறுபடி ஒரு முயற்சி, பாதியில் நிற்கிறது. கடைசியில் வெறும் கார்டுகளை, அதாவது ஸ்வரக் கொத்துகளை, போட்டுக்கொண்டே போகிறார். ஒரு மனிதர் இருட்டில் சுவரைத் தடவி நடக்கும் சத்தம்.

அதை வெட்டி எறியவில்லை, அப்படியே வெளியிட்டார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்கு அவருக்காகக் கூச்சமாக இருந்தது. இப்போது கோல்ட்ரேனை விட்டுவிட்டு அங்கேதான் காது போகிறது. கோல்ட்ரேன் தனக்குத் தெரிந்ததை வாசிக்கிறார், பிரமாதமாகவே. ஃப்ளனகன் தெரியாததன் முன்னால் உட்கார்ந்து, தாளத்தை மட்டும் கைவிடாமல், அடுத்த கார்டுக்குக் காது கொடுக்கிறார். நாலு வருஷம் கட்டணம் கட்டி, விரல் தேய்ந்து, ஒரு மாணவர் தயாராவது எதற்கு என்று கேட்டால், இந்த இடத்துக்குத்தான் என்பேன். பயிற்சி தீர்ந்துபோகும் இடம் எல்லோருக்கும் ஒரு நாள் வரும். அங்கே எழுந்து போகாமல் இருப்பதற்கு மதிப்பெண் போட எந்தத் தேர்வாளரிடமும் கட்டம் இல்லை.

1982-இல் ஃப்ளனகன் கோல்ட்ரேன் நினைவாக ஓர் ஆல்பம் பதிவு செய்தார். பெயரே 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்'தான். அந்தப் பாட்டையும் வாசித்தார், இந்த முறை தடுமாறாமல்.

பயிற்சி அறையில் யாராவது பழைய பதிவின் பியானோ பகுதியை எழுத உட்காரலாம். ஸ்வரங்கள் கொஞ்சம்தான், ஒரே மாலையில் முடிந்துவிடும். பிறகு அந்த இடைவெளிகளுக்கு வருவார். நிசப்தத்துக்குக் குறியீடு இருக்கிறது, கால் தட்டு, அரைத் தட்டு என்று துல்லியமாக. தயக்கத்துக்கு என்ன போடுவது? பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, முழு வேகத்தில், இன்னொரு தடவை கேட்பார்.