ஒரு மணிச் சாப்பாடு

கொழும்பு ஜிந்துப்பிட்டி முருகன் கோவில் மணி கேட்டுக் கண் விழித்தேன். போனில் அதற்குள் நான்கு செய்திகள். நான்கும் முதலாளியிடமிருந்து. கடைசிச் செய்தி இரவு பதினொன்றரைக்கு வந்திருக்கிறது: வெங்காய லொறி எங்கே? லொறி எங்கே என்று எனக்கும் தெரியாது. பல் துலக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது.

*

செட்டியார் தெருவில் நகைக்கடைகள் இன்னும் திறக்கவில்லை. வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அதைக் கடந்தால் கெய்மன் கேட் மணிக்கூண்டு. ஒல்லாந்தர் காலத்தில் இரவு ஊரடங்க அந்த மணியை அடிப்பார்களாம். நல்ல காலம் என்று சொல்ல மாட்டேன். அடிமைகளைக் கொம்பனித்தெருவில் இரவு அடைத்து வைத்த ஆட்சி அது. ஆனாலும் நாள் முடிந்தது என்று சொல்ல ஒரு மணி இருந்தது.

*

நாலாம் குறுக்குத் தெரு. நாட்டாமிமார் பருப்பு மூட்டை இறக்குகிறார்கள். கடைசி மூட்டையும் இறங்கியதும் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார், கரத்தையின் விளிம்பில் உட்கார்ந்தார், பிளேன்டி கேட்டார். அவர் முதுகு படும் பாட்டைப் பார்த்தவன் நான். பொறாமைப்பட அதில் ஒன்றுமில்லை. பொறாமை வேறு இடத்தில். மூட்டை தரையைத் தொட்ட சத்தம் அவருக்குக் கேட்கிறது.

*

மகள் என் போனில் மூச்சுப் பயிற்சி ஆப் ஒன்றைப் போட்டுத் தந்தாள். நான்கு எண்ணி இழுக்க வேண்டும், நான்கு எண்ணி விட வேண்டும். மூன்று எண்ணும்போது முதலாளி அழைத்தார். இருவரும் சிரித்துவிட்டோம். பயிற்சியில் பிழையில்லை. பயிற்சியும் முதலாளியும் ஒரே போனில் இருப்பதுதான் பிழை.

*

வேலையில் மனம் கருகிப்போவதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தபோது, அதை நோய் என்று சொல்லவில்லை, தொழிலோடு சேர்ந்த நிலை என்றது. எனக்கு அது பிடித்திருக்கிறது. நோயென்றால் மருந்து வாங்குவது என் பாடு. தொழிலோடு சேர்ந்தது என்றால் முதலாளியும் கணக்கில் வருகிறார்.

கடை, கந்தோர் ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 45. சாப்பாட்டு நேரம் அதில் சேராது. நானோ லெட்ஜர்மேல் பார்சலைப் பிரித்துவைத்துச் சாப்பிடுகிறவன். சித்திரை மாதப் பக்கங்களில் சொதிக் கறை இருக்கிறது. யாரும் என்னை அப்படிச் சாப்பிடச் சொன்னதில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

*

2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு வந்தது. கம்ப்யூட்டர் இல்லை, மாலையில் போனும் செத்துவிட்டது. நாடே டீசலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றது. வீட்டில் மெழுகுவர்த்தி. அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வெட்கம்.

*

இன்று ஒரு மணிக்கு லெட்ஜரை மூடி, போனை லாச்சிக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். மணிக்கூண்டுப் பக்கம் நிழல் இருந்தது, கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது இரண்டு மணி ஐந்து நிமிடம். தவறிய அழைப்புகள் மூன்று. லொறி வந்து வெங்காயம் பாதி இறங்கியிருந்தது.