வட்டம் திருப்பிச் சுடாது

காகித வட்டத்தின் நடுவே குண்டு பாய்ச்சும் போலீஸ்காரனைக் கண்டு நானும் வியந்தவன்தான். ஆனால் வட்டம் திருப்பிச் சுடுவதில்லையே! நெருக்கத்தில் குறிபார்க்க நேரமிராது, கை நீண்டதுமே சுடப் பழக வேண்டும் என்று, ஷாங்காய்ப் போலீஸில் பணியாற்றிய ஃபேர்பேர்னும் சைக்ஸும் 1942-இல் புத்தகம் போட்டார்கள். நியாயந்தான்; போலீஸ்காரனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்களே.

இருந்தும் என் மனம் நியூயார்க்கில் ஒரு வீட்டு வாசலை விட்டு நகர மறுக்கிறது. 1999 பிப்ரவரி, நள்ளிரவு கடந்த நேரம். அமடூ டியாலோ என்ற 23 வயது இளைஞன் எதையோ எடுத்தான். துப்பாக்கியென்று எண்ணியதாக நான்கு போலீஸார் பிறகு சொன்னார்கள். சுட்டது 41 முறை, பட்டது 19. அவன் எடுத்தது மணிபர்ஸ்.

எஃப்.பி.ஐ. 1987-இல் குவான்டிகோவில் பயிற்சிக்கென்றே ஒரு போலி ஊரை அமைத்தது. ஊராராக நடிக்க ஆட்களும் உண்டு. அவர்களில் ஒருவன் தினமும் மணிபர்ஸை எடுக்கட்டும். சுடாமல் நின்ற கைக்கும் மதிப்பெண் போடட்டும்.