வேண்டாம் என்று சொல்லும் உரிமை

'தொழில்ல உசத்தி தாழ்த்தி இல்லெ' என்று நம்ம பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறார்கள். சொல்கிறவர் மலக்குழியில் இறங்கியதில்லை. தன் பிள்ளையை இறக்கவும் மாட்டார். இருக்கிற இடத்திலேயே இரு என்பதைத்தான் அவர் மரியாதையாகச் சொல்கிறார்.

1953இல் ராஜாஜி அரசு இதையே திட்டமாக்கியது. கிராமத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குப் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். எதிர்ப்புக் கிளம்பி, 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. திட்டம் போச்சு, ஏற்பாடு போகலை.

2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தது. சுமார் 7000 பேர் விண்ணப்பித்தார்கள். எஞ்சினியர்களும் பட்டதாரிகளும் அதில் இருந்தார்கள். 'படிச்சவன் வெளக்குமாறு பிடிக்கிறதா?' என்று ஊரே அதிர்ந்தது. நாலு தலைமுறையா அதைப் பிடித்தவர்களைப் பார்த்து இந்த ஊர் ஏன் அதிரவில்லை? உசத்தி தாழ்த்தி இல்லையென்றால் இப்போது மட்டும் எதுக்கு அதிர்ச்சி? அந்த எஞ்சினியர் தேடி வந்தது விளக்குமாறை அல்ல, நிரந்தரச் சம்பளத்தை. தலைமுறையாகப் பெருக்குகிறவருக்கோ விளக்குமாறு மட்டும்தான் நிரந்தரம். சம்பளம் ஒப்பந்தக்காரன் கையில்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் துப்புரவுத் தொழிலாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். 13ஆம் தேதி நள்ளிரவு போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. அப்போது நம் பக்கத்திலிருந்தே ஒரு கேள்வி வந்தது: குப்பை அள்ளும் வேலையிலிருந்து வெளியேற வேண்டிய சனம் அதையே நிரந்தரமாக்கச் சொல்லலாமா?

தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. சாதி, வேலையைப் பிறக்கும் முன்பே ஒதுக்கி வைத்துவிடுகிறது, அதில் ஒருவரின் திறமைக்கோ நாட்டத்துக்கோ இடமில்லை என்று அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். அப்படி ஒதுக்கப்பட்டதை நாமே கேட்டு வாங்குவதா?

ஆனால் கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். அம்பது வயசு அம்மாவிடம் 'வெளியே வா' என்றால் அவர் எங்கே போவார்? ஒப்பந்தக் கூலியில் இருக்கிற தாய் ஒரு மாசம் படுத்துவிட்டால் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் இல்லை. மறு மாசம் அம்மா விட்ட வண்டியை மகள் தள்ளுவாள். அதற்குப் பேர் 'அவளே தேர்ந்தெடுத்தது'. தாய்க்கு நிரந்தரச் சம்பளமும் ஓய்வூதியமும் இருந்தால்தான் மகள் இந்த வேலையை வேண்டாமென்று சொல்ல முடியும். தாயின் நிரந்தரமும் மகளின் விடுதலையும் எதிரெதிர் அல்ல. ஒன்றின் முதுகில்தான் இன்னொன்று ஏறி வெளியே வரணும்.

ஆகவே கோரிக்கையை முழுசாக வைக்க வேண்டும். செய்கிறவருக்கு நிரந்தரம், கையுறை, எந்திரம், மனுசக் கூலி. அவர் பிள்ளைக்கு வாரிசு வேலை என்றால் அது படிப்புக்கேற்ற வேலை. துடைப்பம் யாருக்கும் வாரிசுச் சொத்தல்ல.

படிக்க விடுவது மட்டுமே சுதந்திரம் ஆகாது. பட்டினி கிடக்காமல் 'முடியாது' என்று சொல்ல முடிகிறதா? அதுதான் சோதனை. அந்த ஒரு சொல்லை ஒரு சேரிப் பிள்ளை பயமில்லாமல் சொல்லும் வரைக்கும் இந்த நாட்டில் யாரும் தொழிலின் கண்ணியத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.