தோற்றவரின் அச்சமும் நாட்டின் வாக்கும்

தேர்தல் முடிவு நாம் நினைத்ததற்கு மாறாக வந்த ஒவ்வொரு முறையும், கரடியனாற்றுத் தேநீர்க்கடைகளில் பேச்சு மறுநாளே கடல் கடந்துவிடும். "இனிச் சீனன் வந்திருவான்" என்பார் ஒருவர். "இந்தியா பார்த்துக்கொண்டு சும்மா இரிக்குமா?" என்பார் மற்றவர். மூலையில் இருக்கும் முதியவரோ, "அதெல்லாம் நமக்கென்னத்துக்கு மனே, வயலுக்குத் தண்ணி வந்தாச் சரி" என்று எழுந்து போய்விடுவார்.

அன்பார்ந்த வாசகர்களே, இம்மூவரில் யார் சொல்வது சரி? தேர்தலில் தோற்ற பக்கத்தார் நாட்டின் வெளியுறவைப் பற்றி அஞ்சுவது நியாயமான அச்சமா? அல்லது தோல்வியின் கசப்புத்தான் அச்சம் என்ற வேடத்தில் வருகின்றதா? சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

முதலில் அந்த முதியவருக்குப் பதில் சொல்லவேண்டும். வெளிநாட்டுக் கொள்கை கொழும்பிலுள்ளோரின் அலுவல் என்று எந்த ஊர் சொன்னாலும் கரடியனாறு சொல்ல முடியாது. 2010ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி நடந்த சனாதிபதித் தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டத்தின் பெரும்பான்மை வாக்கு தோற்ற வேட்பாளருக்கே விழுந்தது. போருக்குப் பின்னரான அக்காலத்தில் சீனக் கடனும் சீனக் கம்பனிகளும் நாடெங்கும் வீதி வேலைகளில் இறங்கின. அதே ஆண்டு செப்டெம்பர் 17ஆம் திகதி, வீதி வேலைக்குக் கல் உடைப்பதற்கென நம்மூர்ப் பொலிஸ் நிலைய வளவில் கொள்கலன்களில் வைத்திருந்த வெடிமருந்து வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பொலிசாரும் இருந்தனர், பொதுமக்களும் இருந்தனர், சீன தேசத்தவர் இருவரும் இருந்தனர். அது விபத்து, எந்த நாட்டின் மீதும் அந்தப் பழியைச் சுமத்துவது நீதியாகாது. ஆனால் தூரதேசத்தோடு செய்யப்படும் ஓர் ஒப்பந்தம் நம் வாசற்படிவரை வரும் என்பதை இவ்வூர் அன்று கண்டது. ஊரார் வீட்டிலும் அழுகை. கடல்கடந்த இரு வீடுகளிலும் அழுகை.

வயலையும் அது விட்டுவைக்கவில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்தப் பெரும்போகத்தில் பசளையின்றி நம் விவசாயிகள் பட்ட பாட்டை இங்கு விளக்கவேண்டியதில்லை. சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் தீங்கான கிருமிகள் உள்ளன என்று நம் அதிகாரிகள் அதை மறுத்தார்கள். ஆயினும் 2022 ஜனவரியில், இறக்கப்படாத அந்தப் பசளைக்காக 67 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டது. மூன்று மாதம் கழிந்து, ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாது என்று நாடு அறிவித்தது. கடன்பட்டவன் "வேண்டாம்" என்று சொன்னாலும் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி குறைவு. இதை அந்த முதியவரும் அறிவார். வட்டிக்கு வாங்கி வயல் செய்தவர்தானே!

ஆகவே அஞ்சுவது நியாயமே. ஆனால் நம் அச்சத்தை நாமே ஒருமுறை சோதித்துப் பார்க்கவேண்டும். 2015இல் நாம் பெருவாரியாக வாக்களித்தவர் வென்றார். அந்த ஆட்சியில்தான், 2017இல், அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கம்பனியிடம் கொடுக்கப்பட்டது. சீனனுக்கு அஞ்சிய தேநீர்க்கடை அன்று எவ்வளவு பேசியது? ஒரு தகப்பன் தன் காணியைத் தொண்ணூற்றொன்பது வருடத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தால், பிறவாத பேரப்பிள்ளைகளையும் அது கட்டுமல்லவா? நமக்குப் பிடிக்காதவர் செய்தால் ஆபத்து, நமக்குப் பிடித்தவர் செய்தால் இராசதந்திரம் என்றால், நாம் அஞ்சியது நாட்டுக்காக அல்ல. நம் தோல்விக்காகத்தான்.

பின் எதை அளவுகோலாகக் கொள்வது? தமிழில் நாம் பெட்டியில் இடுவதற்கும் வாக்கு என்றே பெயர். கொடுத்த சொல்லுக்கும் வாக்கு என்றே பெயர். முதலாவது வாக்கில் தோற்கலாம். இரண்டாவது வாக்கு காக்கப்படுகின்றதா என்று கேட்கும் உரிமையை எந்தத் தோல்வியும் பறிக்காது. பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1963இல் வெளியிட்ட சுற்றுமடலில், தனிமனிதரை ஆளும் அதே ஒழுக்கச் சட்டமே நாடுகளின் உறவையும் ஆளும் என்று போதித்தார். அயலானுக்குச் சொன்ன சொல்லை மீறுவது எனக்குக் குற்றமென்றால், நாட்டுக்கும் குற்றமே.

2015 ஒக்டோபரில் ஜெனீவாவில், காணாமற் போனோர்க்கும் போரில் பாதிக்கப்பட்டோர்க்கும் நீதி வழங்குவோம் என்ற தீர்மானத்துக்கு இலங்கை தானும் இணை அனுசரணை வழங்கியது. 2019 நவம்பரில் ஆட்சி மாறியது; 2020 பெப்ரவரியில் அந்த அனுசரணை விலக்கப்பட்டது. "மக்கள் ஆணை மாறிவிட்டது, கொள்கையும் மாறும்" என்றார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது; கொள்கையை மாற்றத்தானே தேர்தல்? எந்த நாட்டோடு வணிகம், யாருக்குத் துறைமுகம் என்பவற்றைப் புதிய ஆட்சி மாற்றலாம். ஆனால் பிள்ளையைத் தேடும் தாய்க்குச் சொன்ன சொல் கொள்கையல்ல, கடன். அந்தத் தாயின் சம்மதமின்றி, அந்த இழப்பை அறியாத வாக்காளர் எத்தனை இலட்சம் பேர் சேர்ந்தாலும் அதைத் தள்ளுபடி செய்ய முடியாது.

2024 நவம்பர்ப் பாராளுமன்றத் தேர்தலில் நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களுள் மட்டக்களப்பு மட்டுமே ஆளுங்கட்சிக்கு வெளியே நின்றது. 2025 ஏப்ரலில் இந்தியாவோடு பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கை கைச்சாத்தானபோது அதன் வாசகம் மக்கள் முன் வைக்கப்படவில்லை. இந்தியா நமக்கு வேண்டியவர் என்பதற்காக நாம் பேசாதிருந்தால், 2017இன் மௌனத்தையே மீண்டும் செய்கின்றோம். நண்பர் யாராயினும், கைச்சாத்திட்டதைக் காட்டுங்கள் என்று கேட்பதே நேர்மை.

தோற்ற வாக்காளருக்கு ஒரு சோதனை எப்போதும் உண்டு: வெளியிலிருந்து ஒருவர் வந்து எல்லாம் சரிசெய்வார் என்று கைகட்டிக் காத்திருப்பது. 1987இல் இந்தியப் படையை மாலையிட்டு வரவேற்றவர்கள் சில மாதங்களில் என்ன கண்டார்கள் என்பதை நம் வீட்டு முதியோரிடம் கேளுங்கள். வல்லரசுகள் தத்தம் தேவைக்கே வரும், தத்தம் தேவை முடியப் போகும். நாம் இங்கேயே இருப்போம், சிங்கள அயலவரும் முஸ்லிம் அயலவரும் இங்கேயே இருப்பார்கள்.

அடுத்த தேர்தலுக்கு மறுநாளும் அந்தத் தேநீர்க்கடையில் பேச்சு எழும். அப்போது, "எந்த நாட்டான் வருவான்?" என்று கேட்குமுன், "நம் பேரில் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்?" என்று ஒருவராவது கேட்கட்டும். வென்றவர் நம்மவராயிருந்தால் இன்னும் உரத்துக் கேட்கட்டும்.